வேலைக்குப் போகிறவர்களும் நிரலாக்கமும்: கண்டியில் இருப்பது என்ன, இல்லாதது என்ன?

கண்டி நகரில் கணினி வகுப்புகளுக்குப் பஞ்சமில்லை. பட்டம், டிப்ளோமா, சான்றிதழ் என எந்தத் தரத்தில் கேட்டாலும் சேர்த்துக்கொள்ள ஏதோ ஒரு நிறுவனம் ஆயத்தமாக இருக்கிறது. ஆனால் கன்னொறுவையில் ஆய்வு உதவியாளராக, கம்பளையில் வங்கி உத்தியோகத்தராக, புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் காரியாலய எழுதுநராக இருக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. தொழிலை விடும் எண்ணம் இல்லை. அந்தத் தொழிலுக்கு உதவும் அளவுக்கு நிரலெழுதப் பழக வேண்டும், அவ்வளவுதான். அவர் எங்கே போவது? இந்தக் கேள்விக்கு உடனே கைகாட்ட ஓர் இடம் அகப்படுவதில்லை.

இங்குள்ள கற்கைநெறிகள் பெரும்பாலும் தொழிலைத் தேடுவோருக்காகவும் மாற்றுவோருக்காகவும் அமைந்தவை. இருக்கும் தொழிலிலேயே நிரலாக்கத்தை ஒரு கருவியாகக் கையாள விரும்புவோருக்கான குறுகிய கைப்பயிற்சிப் பட்டறை, கண்டி வட்டாரத்தில் ஒரு வழக்கமாக வேரூன்றவில்லை. அதற்கு வேண்டிய ஆளும் இடமும் இங்கே உண்டு. குறை அமைப்பு முறையில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பேராதனையில் போட்ட அடித்தளம்

கண்டியின் கணினிக் கல்வி வரலாறு பேராதனைப் பல்கலைக்கழகத்தோடு பின்னியது. 1950இல் கொழும்பில் தொடங்கிய பொறியியல் பீடம் 1964இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. 1985இல் அங்கே கணினிக்கென ஒரு துறை உருவானது. நாட்டின் பல்கலைக்கழகங்களையும் ஆய்வு நிறுவனங்களையும் இணையத்தால் பிணைக்கும் ‘லேர்ன்’ என்ற கல்வி, ஆய்வு வலையமைப்பு 1990ஆம் ஆண்டளவில் முளைவிட்டது. அதன் தலைமையகம் இன்று பேராதனை வளாகத்திலேயே இயங்குகிறது. 2020இல் பெருந்தொற்றால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது விரிவுரைகள் இணையவழி தொடர முதுகெலும்பாக நின்றது இந்த வலையமைப்புத்தான்.

பொதுப்பேச்சில் அதிகம் அடிபடாத இன்னொரு வேலையையும் லேர்ன் செய்து வருகிறது. பல்கலைக்கழகங்களில் வலையமைப்பையும் சேவையகங்களையும் பராமரிக்கும் ஊழியர்களை அழைத்து அது பட்டறை நடத்துகிறது. வருபவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்யும் வளர்ந்தவர்கள். கற்பது நாளை தமது அலுவலகத்தில் செய்யப்போகும் வேலை. உட்கார்ந்த இடத்திலேயே தட்டச்சு செய்து, பிழை வந்தால் அங்கேயே திருத்துகிறார்கள். வேலைசெய்வோருக்கான கைப்பயிற்சி என்ற வடிவம் இந்த மண்ணுக்குப் புதியதல்ல என்பதற்கு இதுவே சான்று. ஆனால் அது கணினித் தொழிலில் இருப்பவர்களின் வட்டத்துக்குள் நின்றுவிட்டது.

இன்று கிடைப்பவை

இப்போது கண்டி வட்டாரத்தில் உள்ள வாய்ப்புகளை நான்கு வகைகளாகப் பிரிக்கலாம்.

முதலாவது, பட்டமும் பட்டப்பின் படிப்பும். பேராதனையில் உள்ள விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகம் கணினி விஞ்ஞான முதுமாணியை வார இறுதிகளில் நடத்துகிறது. திறந்த பல்கலைக்கழகத்துக்குப் பொல்கொல்லையில் பிராந்திய நிலையம் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய பி.ஐ.டி. என்னும் தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டத்துக்கு மலையகத்திலிருந்தும் பலர் பதிகிறார்கள். தரமான பாதைகள்தான். ஆனால் இவற்றுக்கு ஆண்டுக்கணக்கான உழைப்பு வேண்டும். இலக்கும் தகவல் தொழில்நுட்ப உத்தியோகமே.

இரண்டாவது, டிப்ளோமாவும் சான்றிதழும். 1968இல் அமைந்த தேசிய வியாபார முகாமைத்துவ நிறுவனத்துக்குக் கண்டியில் கிளை உண்டு. 1995ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான உயர் தொழில்நுட்பவியல் கல்வி நிறுவகமும் கண்டியில் இயங்குகிறது. இவற்றோடு தொழிற்பயிற்சி அதிகாரசபையின் பயிற்சிகளும், நகரின் முக்கிய வீதிகளில் பெயர்ப்பலகை தொங்கவிட்டுள்ள தனியார் நிறுவனங்களும் சேர்கின்றன. பாடசாலையை முடித்த பிள்ளைகளே இவர்களின் முதன்மையான வாடிக்கையாளர்கள். வார இறுதி வகுப்புக்கு வரும் நாற்பது வயதுக்காரரும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கான பாடத்திட்டத்தின் வழியாகவே போகவேண்டியிருக்கிறது.

மூன்றாவது, இணையவழிக் கல்வி. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் திறந்த, தொலைக் கல்வி மையம் பைத்தன் தொடக்கப் பாடம் முதல் வலைச்செயலி உருவாக்கம் வரை ஒரு தொடரை இலவசமாகத் தருகிறது. தமிழில் தேடுவோருக்குத் தமிழ்நாட்டின் கணியம் அறக்கட்டளை இருக்கிறது. 2012இல் மின்னிதழாகத் தொடங்கிய கணியம், லினக்ஸ், மைஎஸ்கியூஎல், பைத்தன் போன்றவை பற்றிய நூல்களைத் தமிழில் இலவசமாக வெளியிட்டதோடு இணையத்தில் வகுப்புகளும் நடத்தியிருக்கிறது. செலவில்லை, வீட்டிலிருந்தே படிக்கலாம். முடிப்பவர் தொகைதான் இதன் பலவீனம். ஹார்வர்ட், எம்.ஐ.டி. பல்கலைக்கழகங்களின் திறந்த இணையப் பாடங்களை ஆராய்ந்து 2019இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, 2017-18 கல்வியாண்டில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ 3 சதவீதத்தினரே முடித்தார்கள் என்று கண்டது. பணம் செலுத்திச் சான்றிதழுக்குப் பதிந்தவர்களிலும் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களே முடித்தார்கள்.

நான்காவது, ஓரிரு நாள் செயலமர்வுகள். புள்ளிவிபர ஆய்வுக்கான ‘ஆர்’ மொழி, பைத்தன், தரவுப் பகுப்பாய்வு என்று பல்கலைக்கழகத் துறைகளும் தொழில்வாண்மைச் சங்கங்களும் அவ்வப்போது நடத்துபவை இவை. நாம் தேடும் வடிவத்துக்கு மிக அருகில் உள்ளவையும் இவையே. ஆனாலும் பெரும்பாலும் ஒருமுறை நடந்து, சான்றிதழ் கொடுத்து, குழுப்படம் எடுத்ததோடு முடிந்துபோகின்றன.

யாருக்குத் தேவை?

நிரலாக்கம் என்றதும் கொழும்பு மென்பொருள் நிறுவனமும் டொலர் சம்பளமுமே நினைவுக்கு வருகின்றன. 2022இல் ரூபா சரிந்தபோது இந்த நினைப்பு இன்னும் இறுகியது. அதில் தவறில்லை. ஆயினும் கண்டி வட்டாரத்தின் தொழில் அமைப்பைப் பார்த்தால் வேறொரு தேவை கண்முன் நிற்கிறது.

விவசாயத் திணைக்களத்தின் தலைமையகம் பேராதனையில். தோட்டக்கலைப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம், தாவர மரபுவள நிலையம், மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவை மகாவலிக்கு அப்பால் கன்னொறுவையில். 1981இல் உருவான அடிப்படை ஆய்வுகளுக்கான தேசிய நிறுவகம் ஹந்தானையில். கண்டியிலும் பேராதனையிலும் பெரிய அரச வைத்தியசாலைகள். சில மைல் சுற்றளவுக்குள் இத்தனை தரவு உற்பத்தியாகும் இடம் கொழும்புக்கு வெளியே இலங்கையில் அரிது. மழைமானிப் பதிவு, பயிர்ப் பரிசோதனைத் திடலின் விளைச்சல், ஆய்வுகூட முடிவுகள் எனக் குவியும் தரவு பெரும்பாலும் எக்செல் தாளில் வந்து சேர்கிறது. அதன்பின் வெட்டி ஒட்டும் வேலை மனிதக் கையால் நடக்கிறது.

அந்த வெட்டி ஒட்டுதலின் ஆபத்தை உலகம் பார்த்திருக்கிறது. 2020 இலையுதிர்காலத்தில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, கொரோனாத் தொற்றாளர் 15,841 பேரின் பதிவுகளை உரிய நேரத்தில் கணக்கில் சேர்க்கத் தவறியது. பழைய எக்செல் கோப்பு வடிவம் 65,536 வரிகளுக்கு மேல் ஏற்காது என்பதே காரணம். உயிரியலில் இன்னொரு கதை. சில மரபணுக்களின் பெயர்களை எக்செல் திகதிகளாக மாற்றிவிடுவதால், மரபணுப் பட்டியல் இணைத்த ஆய்வுக்கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் பிழை இருப்பதாக 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. 2020இல் அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றினார்கள். இருபது வரி நிரல் எழுதத் தெரிந்தவர் தன் கோப்பை இத்தகைய பிழைகளிலிருந்து காத்துக்கொள்ள முடியும்.

தேயிலைத் தோட்டக் காரியாலயத்தின் நிலையும் இதுதான். செக்றோல் என்னும் வேலைநாள் பதிவு, ‘பேர்’ எனப்படும் ஒருநாள் வேலைக் கணக்கு, அரைப் பேர், மேலதிகக் கொழுந்து, முற்பணம், சேமலாப நிதிக் கழிவு என்று மாதாமாதம் ஒரே கணக்கு திரும்பத் திரும்ப வருகிறது. பெரிய கம்பெனித் தோட்டங்கள் இதற்கு மென்பொருள் வாங்கலாம். சிறு தோட்ட உரிமையாளரும், கொழுந்து வாங்கும் முகவரும், அக்குறணையின் மொத்த வியாபாரியும், மாத்தளை வீதியின் வாசனைத் திரவியக் கடைக்காரரும் இன்னும் கொப்பியையும் கைபேசியையும் நம்பியிருக்கிறார்கள். இவர்களுக்கு மென்பொருள் பொறியியலாளர் பட்டம் வேண்டியதில்லை. தம் கணக்கைத் தாமே ஒழுங்குபடுத்தத் தெரிந்தால் போதும்.

கைப்பயிற்சி ஏன்?

நிரலாக்கம் கற்பிப்பது உலகம் முழுவதும் கடினமான காரியமாகவே இருந்து வருகிறது. பல நாட்டுப் பல்கலைக்கழகங்களின் தரவைத் திரட்டிய 2007ஆம் ஆண்டு ஆய்வொன்று, நிரலாக்கத் தொடக்கப் பாடத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு மாணவர் தேறுவதில்லை என்றது. 2019இல் அதே ஆய்வாளர்கள் திரும்பப் பார்த்தபோதும் அது 28 சதவீதமாக இருந்தது. முழுநேர மாணவரின் நிலையே இதுவென்றால், மாலை ஐந்து மணிக்குக் களைத்து வருபவரை விரிவுரை மண்டபத்தில் அமர்த்தி படவில்லைகளைக் காட்டுவதால் என்ன விளையும்? கடுகண்ணாவ வளைவுகளில் பஸ் ஏறுவதைப் பின்னாசனத்திலிருந்து எத்தனை ஆண்டு பார்த்தாலும் ஒருவர் சாரதியாகிவிடுவதில்லை.

இந்தச் சிக்கலுக்கு நன்கு பரிசோதிக்கப்பட்ட ஒரு விடையை ‘சொஃப்ட்வெயார் கார்ப்பென்ரி’ என்ற முயற்சி தந்தது. 1998இல் அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் தேசிய ஆய்வுகூடத்தில் கிரெக் வில்சனும் பிரென்ட் கோர்டாவும் விஞ்ஞானிகளுக்காக இதைத் தொடங்கினார்கள். முதலில் ஒரு வாரப் பயிற்சியாக இருந்தது. வேலையில் இருப்பவர் ஒரு வாரத்தை ஒதுக்க முடியாது என்று கண்டு, பின்னர் இரண்டு நாள் பட்டறையாகச் சுருக்கினார்கள். இன்று ‘த கார்ப்பென்ரீஸ்’ என்ற பெயரில் உலகின் பல நாடுகளில் நடக்கிறது. பாடங்கள் திறந்த உரிமத்தில் இருப்பதால் யாரும் எடுத்து, மொழிபெயர்த்து, திருத்திப் பயன்படுத்தலாம்.

அதன் நடைமுறை எளிது. ஆசிரியர் திரையில் ஒவ்வொரு வரியாகத் தட்டச்சு செய்கிறார். பங்குபற்றுவோரும் கூடவே தத்தம் மடிக்கணினியில் தட்டுகிறார்கள். ஆசிரியரின் கையிலும் பிழை வரும். அதை அவர் எப்படிக் கண்டுபிடித்துத் திருத்துகிறார் என்பதும் பாடத்தின் ஒரு பகுதி. ஒவ்வொருவரிடமும் இரண்டு நிற ஒட்டுத்தாள் இருக்கும். முடித்தவர் ஒரு நிறத்தைக் கணினி மேல் ஒட்டுவார், சிக்கியவர் மற்றதை. கை உயர்த்தக் கூச்சப்படும் பெரியவர்களுக்கு இது பெரிய விடுதலை. சுற்றி வரும் உதவியாளர்கள் சிக்கியவரிடம் போய்க் குனிந்து பார்ப்பார்கள். சில நிமிட விளக்கம், உடனே ஒரு சிறு பயிற்சி, திரும்ப விளக்கம் என்று நாள் ஓடும். தேர்வும் புள்ளியும் இல்லை.

இதைப் போன்ற இன்னொரு முயற்சி, 2014இல் பேர்லினில் தொடங்கிய ‘ஜாங்கோ கேர்ள்ஸ்’. பெண்களுக்கான ஒருநாள் இலவசப் பட்டறை. அன்று மாலைக்குள் ஒவ்வொருவரும் ஒரு சிறு இணையத்தளத்தை இயக்கிவிடுவார்கள். நம் நாட்டில் யாழ்ப்பாணத்தின் ‘யாழ் ஐரி ஹப்’ என்ற தகவல் தொழில்நுட்ப அமைப்பு 2011 முதல் இயங்குகிறது. அதிலிருந்து கிளைத்த ‘ஊக்கி’ நிரலாக்கப் பள்ளி இளைஞர்களைச் சில மாதங்களில் வேலைக்கு ஆயத்தப்படுத்துகிறது. தொழில் தேடும் இளையோருக்கான முயற்சி அது. ஆனால் உள்ளூர்ச் சமூகமும் புலம்பெயர்ந்தோரும் கைகோத்தால் தலைநகருக்கு வெளியேயும் இத்தகையதொன்றை நிலைநிறுத்தலாம் என்பதற்கு அது முன்மாதிரி.

கண்டியின் தடைகள்

வெளிநாட்டு வடிவத்தை அப்படியே கொண்டுவந்து இறக்கினால் பலிக்காது. கண்டிக்கென்று சில தடைகள் உண்டு.

முதல் தடை நேரமும் பயணமும். காலையிலும் மாலையிலும் நகரை ஊடறுப்பது பெரும்பாடு. மாலை ஆறு மணிக்கு நகர மத்தியில் வகுப்பு வைத்தால் தெல்தெனியவிலிருந்தோ நாவலப்பிட்டியிலிருந்தோ வருபவர் வீடு திரும்பும் பஸ்ஸைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பார். சனிக்கிழமை அரைநாள் வேலை செய்வோர் பலர். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளின் டியூஷனுக்கு உரியது. வெள்ளி நண்பகல் ஜும்ஆவுக்கு விடவேண்டும். எசல பெரஹரா நாட்களில் நகரின் வீதிகளே மூடப்படும். எனவே நாளும் இடமும் குறிப்பது நிர்வாகச் சில்லறை அல்ல. பட்டறை நிலைப்பதும் கலைவதும் அதில்தான் இருக்கிறது.

இரண்டாவது தடை மொழி. 2012 குடிசன மதிப்பீட்டின்படி கண்டி மாவட்டத்தில் ஏறத்தாழ 13 இலட்சத்து 75 ஆயிரம் பேர். இலங்கைத் தமிழர், மலையகத் தமிழர், முஸ்லிம்கள் ஆகியோரைச் சேர்த்தால் நாலில் ஒரு பங்கு. பாடசாலையில் தமிழ்மூலம் படித்தவர்கள் இவர்களில் ஏராளம். நிரல்மொழியின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில் இருப்பது பெரிய இடையூறல்ல. அவை முப்பது நாற்பது சொற்கள்தான். விளக்கமும் பிழைச்செய்தியும் ஆங்கிலத்தில் மட்டும் இருப்பதுதான் ஆளை வெருட்டுகிறது. பிழைச்செய்தியின் கடைசி வரியைத் தமிழிலும் சிங்களத்திலும் பிரித்துச் சொல்ல ஓர் உதவியாளர் பக்கத்தில் நின்றால் அந்த வெருட்சி முதல் நாளிலேயே பாதி தணியும். ஒரே அறையில் மும்மொழிக்காரரும் இருப்பது கண்டிக்கு இயல்பு. இரு மொழியும் பேசும் உதவியாளர்களும் இங்கே தாராளமாகக் கிடைப்பார்கள்.

மூன்றாவது தடை கருவி. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் கணினி எழுத்தறிவையும் டிஜிட்டல் எழுத்தறிவையும் தனித்தனியே அளக்கிறது. கைபேசியையும் சேர்த்துக்கொள்ளும் இரண்டாவது அளவு முதலாவதை விட எப்போதும் வெகுவாக உயர்ந்து நிற்கிறது. நகரம், கிராமம், தோட்டம் என்ற வரிசையில் தோட்டத்துறை இரண்டிலும் கடைசி. அதாவது, பலர் கைபேசிக்கு நேரே வந்து சேர்ந்தவர்கள். விசைப்பலகை, கோப்புறை போன்றவை அவர்களுக்குப் புதியவை. ‘சொந்த மடிக்கணினி கொண்டுவரவும்’ என்று அறிவித்தலில் ஒரு வரி போட்டால், வரவேண்டியவர்களில் பலர் அந்த இடத்திலேயே கழன்றுவிடுவார்கள்.

நான்காவது தடை பெண்களுக்கு உரியது. வேலை முடிந்து வந்ததும் வீட்டில் இரண்டாவது வேலை தொடங்கிவிடுகிறது. பிள்ளைகளை அழைத்துவர அனுமதித்து, பக்கத்து அறையில் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒருவரை வைத்தால் வருகை மாறும். பல பட்டறை ஏற்பாட்டாளர்கள் யோசிக்காமல் விடும் செலவு இது.

செயற்கை நுண்ணறிவு வந்தபின்

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, இனி எதற்கு நிரல் கற்க வேண்டும் என்ற கேள்வி எழுகிறது. கேட்டால் கணினியே எழுதித் தருகிறதே? எழுதித் தருகிறது என்பது உண்மை. ஆனால் தோட்டத்தின் பேர்க் கணக்கிலோ நோயாளியின் ஆய்வுகூட முடிவிலோ அது தந்த விடை சரியா என்று சொல்லும் பொறுப்பை அது ஏற்காது. அது எழுதித் தந்ததை வரிவரியாக வாசிக்கவும், விடை தெரிந்த சிறிய உதாரணத்தைக் கொடுத்துச் சோதிக்கவும் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே பட்டறையின் பாரம் எழுதுவதிலிருந்து வாசிப்பதற்கும் சோதிப்பதற்கும் நகர வேண்டும். தன் துறையை நன்கு அறிந்த நடுவயதுக்காரருக்கு இது அனுகூலமே. விடை பிசகினால் இளைஞரை விட அவருக்குத்தான் முதலில் உறைக்கும்.

செய்யத்தக்கவை

புதிய கட்டிடமோ பெரிய நிதியோ இதற்குத் தேவையில்லை. பேராதனையிலும் நகரிலும் உள்ள கணினி ஆய்வுகூடங்கள் போயா விடுமுறையிலும் தவணை விடுமுறையிலும் பூட்டிக் கிடக்கின்றன. கருவித் தடைக்கு அவையே விடை. கண்டியின் டி.எஸ். சேனாநாயக்க ஞாபகார்த்தப் பொது நூலகம் போன்ற பொது இடங்களையும் பயன்படுத்தலாம். ‘இ-ஸ்ரீலங்கா’ திட்டத்தில் ஊரூராகத் திறந்த ‘நெனசல’ என்னும் பொதுக் கணினி நிலையங்களுக்கு 2014இல் கேட்ஸ் அறக்கட்டளையின் 10 இலட்சம் டொலர் விருது கிடைத்தது. ஊருக்குள்ளேயே கற்க இடம் கொடுத்தால் மக்கள் வருவார்கள் என்பதை அந்த அனுபவம் காட்டியிருக்கிறது.

உதவியாளர்களாகப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களை அழைக்கலாம். பெரியவர்களுக்குப் பொறுமையாக விளக்கப் பழகுவது அவர்களுக்கும் பயிற்சியே. அளவு சிறிதாக இருக்கட்டும். இருபது பேர், ஆறு பேருக்கு ஓர் உதவியாளர், இரண்டு முழுநாட்கள். ஒவ்வொருவரும் தம் அலுவலகத்தில் மாதாமாதம் கையால் செய்யும் ஒரு வேலையைப் பெயர் விபரங்களை நீக்கிய கோப்பாகக் கொண்டுவர வேண்டும். இரண்டாம் நாள் மாலை அந்த வேலையின் ஒரு பகுதியாவது நிரலால் நடந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது அதன் பின்னர் வருவது. இரண்டு நாளில் யாரும் நிரலாளர் ஆவதில்லை. மாதம் ஒருமுறை அதே ஆட்கள் அரைநாள் கூடி, சிக்கிய இடத்தைக் காட்டி, தீர்த்துக்கொண்டு போகும் ஏற்பாடு இருந்தால்தான் பழகியது கையில் தங்கும். நிறுவனத் தலைவர்களின் பங்கும் உண்டு. அரச சேவையின் வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சைகள் சிலவற்றில் கணினி அறிவும் கேட்கப்படுகிறது. ஆனால் கற்க விடுப்புக் கொடுப்பதும், கற்றதை அலுவலகத்தில் பயன்படுத்த இடமளிப்பதும் பரீட்சையை விடப் பெறுமதியானவை. எத்தனை சான்றிதழ் கொடுத்தோம் என்று எண்ணுவதை விட, மூன்று மாதம் கழித்து எத்தனை பேர் தம் நிரலை இன்னும் ஓட்டுகிறார்கள் என்று கேட்பதே பட்டறைக்கான சரியான அளவுகோல்.

பேராதனைத் துறைகளும் கன்னொறுவை, ஹந்தானை நிறுவனங்களும் ஆண்டுக்கு நான்கு பட்டறைகளைக் கூட்டாக நடத்த முன்வந்தால், அதில் ஒன்றையாவது தமிழில் நடத்தினால், இந்த வட்டாரத்தின் குறை பெருமளவு தீரும். அதுவரை வாசகர் காத்திருக்கவும் தேவையில்லை. ஒரே அலுவலகத்தில் ஒரே எக்செல் தாளோடு போராடும் நான்கு பேர் சேர்ந்து, ஒரு போயா தினத்தில், திறந்த பாடமொன்றை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாலே அது பட்டறைதான். அந்த முதல் நாளை நீங்களே குறியுங்கள்.